ஆடி அமாவாசைக்கு முன்பே ஆற்றங்கரைக்குப் போவோம்

ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பாபநாசம் படித்துறையிலும், அதற்கு மேலே மலைக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் லட்சக்கணக்கானோர் கூடப்போகிறார்கள். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பார்கள். தாமிரபரணியில் மூழ்கி எழுவார்கள். பலர் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். அதன் பிறகு கல்லூரி மாணவர்கள் கையுறையுடன் வந்து அந்தத் துணிகளை மூட்டை மூட்டையாக இழுத்துப் போடுவார்கள். நாளிதழ்களில் படம் வரும். அடுத்த ஆடியிலும் இதே துணி, இதே மூட்டை, இதே படம். இந்தச் சுற்றை நிறுத்த முடியும். அதற்கு மாணவர்களும் வழிபாட்டுத் தலங்களும் திருவிழா முடிந்த பிறகு அல்ல, தொடங்குவதற்கு முன்பே சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது தாமிரபரணி. பிறக்கும் மலையும் கலக்கும் கடலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் வற்றாத ஆறு. எட்டு அணைக்கட்டுகள் இதன் தண்ணீரைப் பிரித்து, கார், பிசானம் என்ற இரு பருவங்களுக்கும் சுமார் 86,000 ஏக்கருக்குக் கொடுக்கின்றன. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளே ஆதாரம். பாபநாசத்தில் ஒருவர் ஆற்றில் விடுவது, கீழே வேறு யாரோ குடிக்கும் தண்ணீரில்தான் விழுகிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. தாமிரபரணியின் ஒரு பகுதியும் அதில் இடம்பெற்றது. ஐந்து படிகளில் பாதிப்பு மிகக் குறைந்த ஐந்தாவது படியில் அதை வைத்தார்கள். காப்பாற்றுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டும். சும்மா இருந்தால் அந்த நேரமும் போய்விடும்.

துணி எங்கே போகிறது?

ஆற்றில் விட்ட துணி மட்கிப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய காலத்துப் பருத்தி வேட்டியாக இருந்தால் அது ஓரளவு உண்மை. இன்று கடைகளில் வாங்கும் சேலையிலும் சட்டையிலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அது மட்காது. மணலும் சேறும் ஏறி, பாறை இடுக்கிலும் மரவேரிலும் சுற்றிக்கொள்கிறது. குளிக்க இறங்குகிறவர்களின் காலைப் பின்னுகிறது. நீச்சல் தெரிந்தவருக்கும் இது ஆபத்து. அணைக்கட்டு மதகுகளில் போய் அடைக்கிறது. வெள்ளம் வந்தால் மொத்தமாகக் கீழே நகர்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய்ப் பயணிகள் தவித்தார்கள். அப்படிப்பட்ட வெள்ளம் ஆற்றில் கிடக்கும் குப்பையை வயலுக்கும் ஊருக்கும் கடலுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதை அள்ளுவது எந்த மாணவர் அணியாலும் முடியாத காரியம். படித்துறையில் பத்தடி தூரத்துக்குள் தடுக்கக்கூடிய துணி, வெள்ளத்துக்குப் பிறகு நூறு கிலோமீட்டர் பிரச்சினையாகிவிடுகிறது.

சொரிமுத்து அய்யனார் கோயிலின் நிலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. நீர்நாய்கள் வாழும் ஆற்றங்கரையில் ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குவது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். கிடா வெட்டு, பொங்கல், நேர்த்திக்கடன் என்று அந்த மக்களுக்கு அது வெறும் கோயில் பயணம் அல்ல. குலதெய்வத்தோடு சில நாட்கள் குடியிருப்பது. அதை மதிக்காத எந்தத் திட்டமும் அங்கே வேர்விடாது.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், வனத்துறையோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து அந்தத் திருவிழாவில் என்னென்ன குப்பை சேர்கிறது என்று கவனித்து, பக்தர்களிடம் பேசிவந்திருக்கிறது. வனத்துறையும் வாகனங்களைக் கட்டுப்படுத்தியது. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்தது. எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனாலும் திருவிழாவை நிறுத்தாமலே காட்டைக் காக்க வழி இருக்கிறது என்பது அங்கே தெரிந்தது.

மாணவரால் முடிவதும் முடியாததும்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. ஒரு கல்லூரியில் 100 மாணவர்கள் என்றால் ஆண்டுக்கு 12,000 மணி நேர உழைப்பு கையில் இருக்கிறது. இதில் எவ்வளவு நேரம், ஒரு முறை பெருக்கி ஒரு முறை படம் எடுத்து முடிந்துவிடும் நிகழ்ச்சிகளில் கரைகிறது என்பதை ஒவ்வொரு திட்ட அலுவலரும் மனசாட்சியோடு கணக்குப் பார்க்க வேண்டும்.

மாணவர்களால் முடியாத ஒன்றும் இருக்கிறது. கணவரை இழந்த ஒரு மூதாட்டி அவர் நினைவாக ஆற்றில் துணியை விடப்போகும்போது, பத்தொன்பது வயதுப் பையன் குறுக்கே நின்று ‘போடாதீங்க பாட்டி’ என்றால் என்ன ஆகும்? ‘இது எங்க வீட்டுக் காரியம் தம்பி, நீ அங்கிட்டுப் போ’ என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துக்கத்தோடு வந்தவரிடம் குப்பையைப் பற்றிப் பேச, சீருடையும் தொப்பியும் அதிகாரம் தருவதில்லை.

அதே சொல், தர்ப்பணம் செய்துவைப்பவர் வாயிலிருந்து வந்தால் நிலைமை வேறு. ‘எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று, முன்னோர் ஏற்றுக்கொண்டார்கள். துணியைக் கரையில் இருக்கும் பெட்டியில் போடுங்கள், ஆற்றில் விட வேண்டாம்’ என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. பரிகாரம் என்ற பெயரில் துணி விடச் சொல்வது பெரும்பாலும் ஊரில் இருக்கும் ஜோசியர். அந்தச் சொல்லுக்கு மேல் சொல் சொல்லக்கூடிய தகுதி கோயிலுக்கு மட்டும்தான் இருக்கிறது.

பம்பையில் இதைப் பார்த்தோம். சபரிமலைக்குப் போகும் நம் ஊர்ப் பக்தர்கள் பலர் பம்பையில் துணியை விட்டு வந்தார்கள். அது விரதத்தின் சடங்கே அல்ல என்று அந்தத் தலத்தின் தரப்பிலிருந்தே தெளிவாகச் சொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றமும் தடை விதித்தது. 2011-இல் அங்கே காவல் துறை முன்னின்று தொடங்கிய ‘புண்ணியம் பூங்காவனம்’ இயக்கம், மலைக்கு வரும் பக்தரையே சிறிது நேரம் சுத்தம் செய்யும் சேவையில் சேர்த்தது. குப்பை போடுபவர் ஒருவர், அள்ளுபவர் வேறொருவர் என்ற பிரிவை அது கொஞ்சம் அழித்தது. 2024-இல் சபரிமலை தந்திரி, இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் போன்றவற்றைத் தவிர்க்கலாம் என்று திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டுக்கு எழுதினார். எந்த விழிப்புணர்வுப் பேரணியும் இருமுடியைத் தொட்டிருக்க முடியாது. தந்திரியால் முடிந்தது.

பஞ்சாபில் ஓர் ஆறு

நம்பிக்கையால் ஆற்றை மீட்க முடியுமா என்று கேட்பவர்கள் பஞ்சாபின் காளி பேய்ன் ஆற்றைப் பார்க்கலாம். சுமார் 160 கி.மீ. நீளம். குரு நானக் ஞானம் பெற்ற இடம் என்று சீக்கியர்கள் போற்றும் சுல்தான்பூர் லோதி இதன் கரையில்தான் இருக்கிறது. அந்த ஆறு ஆகாயத்தாமரை மூடி, ஊர்களின் சாக்கடையை வாங்கிக்கொண்டு கிடந்தது. 2000-ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி தானே தண்ணீரில் இறங்கினார். குருத்வாரா கட்டும்போது மக்கள் சம்பளம் வாங்காமல் செய்யும் ‘கர சேவை’யை ஆற்றுக்குச் செய்யச் சொன்னார். ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். உணவு அந்தந்தக் கிராமங்களிலிருந்து வந்தது.

அவர் செய்ததில் முக்கியமானது ஆகாயத்தாமரையை அகற்றியது அல்ல. சாக்கடையை ஆற்றில் விடாமல், குளங்களில் தேக்கித் தெளியவைத்து வயலுக்குப் பாய்ச்சும்படி கிராமங்களைச் சம்மதிக்கவைத்தார். 2006-இல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் நேரில் போய்ப் பார்த்தார். பின்பு பல மேடைகளில் இதைப் பற்றிப் பேசினார். 2017-இல் சீச்சேவாலுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதற்குப் பிறகும் நகரங்களின் கழிவுநீர் கலந்து அந்த ஆற்றில் மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. பக்தியும் உழைப்பும் சேர்ந்து ஆற்றைத் திறந்துவிடலாம். கழிவுநீர்க் குழாயை அடைக்க வேண்டியது அரசும் உள்ளாட்சியும்தான். நெல்லைக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கொடை, அசனம், கந்தூரி

ஆடி அமாவாசையை வைத்துத் தொடங்கினேன் என்பதற்காக இதை ஒரு மதத்தாரின் குறையாகப் பார்த்துவிடக் கூடாது. தாமிரபரணிக் கரை மூன்று மதத்தாருக்கும் சொந்தம். பாபநாசநாதரும் குறுக்குத்துறை முருகனும் நவதிருப்பதியும் இந்தக் கரையில். பாளையங்கோட்டையில் சவேரியார் கல்லூரி, ஜான்ஸ் கல்லூரி, சாரா தக்கர் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி, பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் கத்தோலிக்க மீனவர்களின் ஊர், பக்கத்திலேயே காயல்பட்டினம். மேலே விட்ட பிளாஸ்டிக் கீழே வலையில் ஏறும்போது மீனவர் அதில் மதத்தைப் பார்ப்பதில்லை.

ஊர்க்கோயில் கொடையானாலும், சேகரத்து அசனப் பண்டிகையானாலும், தர்கா கந்தூரியானாலும், ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடுவது இங்கே பெருமை. அந்தச் சோறு இன்று பிளாஸ்டிக் பூசிய தாளிலும், தண்ணீர் பாக்கெட்டிலும், ஒருமுறை பயன்படுத்தும் கோப்பையிலும் போகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தடை எழுத்தில் இருந்தால் போதாது. பந்தியில் இருக்க வேண்டும். ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் வாழை விளையும் பூமி. உடன்குடிப் பக்கம் பனையோலை முடைபவர்கள் இருக்கிறார்கள். விழாக் கமிட்டி ஒரு மாதம் முன்பே சொன்னால் வாழையிலையும் ஓலைப்பெட்டியும் கிடைக்கும். கடைசி நாளில் போனால் பிளாஸ்டிக்தான் கிடைக்கும்.

மேடைகளும் தயாராக இருக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் சுற்றுச்சூழல் குறித்துத் தனித் திருமடலே வெளியிட்டார். ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் தொழுகைக்கு முன் ஒளூ செய்யும்போது தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நபிமொழியைப் பல ஆலிம்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஞாயிறு பிரசங்கத்திலும் ஜும்மா பயானிலும் ஆடி மாதச் சொற்பொழிவிலும் ஒரே வாரத்தில் தாமிரபரணியைப் பற்றிப் பேசினால், அது எட்டாத வீடு இந்த இரு மாவட்டங்களில் அதிகம் இருக்காது.

ஒருவருக்கொருவர் உதவும் பழக்கம் புதிதும் அல்ல. 2023 வெள்ளத்தில் செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. ஆபத்தில் திறந்த கதவை ஆற்றுக்காகவும் திறக்கலாம்.

யாருடைய வேலையை யார் செய்வது?

சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசும்போது நாம் மறைத்துவிடும் ஓர் உண்மை இருக்கிறது. இந்த நாட்டில் அடுத்தவர் அசுத்தத்தை அள்ளுவது குறிப்பிட்ட சாதியினரின் தலையில் கட்டப்பட்ட வேலை. மாணவர்கள் இரண்டு மணி நேரம் அள்ளிவிட்டுப் போன பிறகு, அந்த மூட்டைகளை லாரியில் ஏற்றுவது அதே தூய்மைப் பணியாளர்கள்தான். அவர்களுக்குக் கையுறை இருக்கிறதா, திருவிழா நாட்களில் கூடுதல் சம்பளம் உண்டா, சாப்பாடு யார் கொடுப்பது என்று கேட்காத மாணவர் இயக்கம் பாதி இயக்கம்தான். கல்லூரி மாணவரும் கோயில் அறங்காவலரும் ஜமாஅத் தலைவரும் சபை மூப்பரும் ஒரே வரிசையில் நின்று குப்பையைத் தொடுவதில் ஒரு சமூக மாற்றம் இருக்கிறது. அதற்காகவே இந்தக் கூட்டுப்பணி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதேபோல, அரசின் கடமையை மாணவர் தலையில் ஏற்றிவிடவும் கூடாது. தாமிரபரணிக்கு இன்று பெரிய கேடு துணியை விடக் கழிவுநீர்தான். 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி. புகழேந்தி இருவரும் நெல்லைக்கே வந்து கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்வையிட்டார்கள். நீதிபதிகள் கரைக்கு வந்து பார்க்கும் நிலை வந்தது என்றால் நிர்வாகம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் தன்னார்வத்தால் நடக்கிற வேலைகள் அல்ல. ஒரு கரையில் மாணவர்கள் துணி அள்ள, மறு கரையில் சாக்கடை கலந்துகொண்டிருந்தால், அந்த இளைஞர்களுக்குப் பொதுச்சேவை மேலேயே நம்பிக்கை போய்விடும்.

இந்த ஆடிக்கு என்ன செய்யலாம்?

முதலில், கல்லூரிகள் கிராமத்தைத் தத்தெடுப்பதுபோல ஆளுக்கு ஒரு படித்துறையைத் தத்தெடுக்கட்டும். பாபநாசத்திலிருந்து முகத்துவாரம் வரை படித்துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. மூன்று ஆண்டுகளில் மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். ஆகவே பொறுப்பு கல்லூரியின் பெயரிலும் அருகிலுள்ள வழிபாட்டுத் தலத்தின் பெயரிலும் சேர்த்து எழுதப்பட வேண்டும். மாணவர் மாறினாலும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அங்கேயே இருக்கும்.

அள்ளுவதைப் போலவே எண்ணுவதும் வேலைதான். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்துவருகிறது. பறவையை எண்ணக் கற்ற கைகள் குப்பையையும் எண்ணலாம். துணி, பிளாஸ்டிக், கண்ணாடி, பூசைப் பொருள் என்று பிரித்து எடைபோட்டு, எந்தப் படியில், எந்த நேரத்தில் அதிகம் விழுகிறது என்று குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு எங்கே ஆள் நிறுத்துவது என்று தெரியும். ஷாம்பு பாக்கெட்தான் அதிகம் என்றால் கடைக்காரர்களிடம் பேச வேண்டும். துணி அதிகம் என்றால் புரோகிதர்களிடம் பேச வேண்டும். எத்தனை டன் அள்ளினோம் என்பதை வெற்றி என்று அறிவிப்பதை நிறுத்துவோம். சென்ற ஆண்டைவிட எடை குறைந்திருந்தால் அதை அறிவிப்போம்.

பாபநாசத்தில் கோயில் நிர்வாகம் துணி உண்டியல் வைக்கலாம். பெண்கள் உடை மாற்றப் போதிய அறைகள், வாசலிலேயே பெரிய பெட்டி, பக்கத்தில் தீர்த்தம் தெளித்து வாங்கிக்கொள்ள ஒருவர். அங்கே கொடுத்தால் பரிகாரம் நிறைவேறியது என்று கோயிலே அறிவித்துப் பலகை வைக்கட்டும். சேரும் துணியைத் துவைத்துப் பிரித்து மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தால் கால்மிதியும் பையும் ஆகும். பழக்கத்தைப் பறிக்காமல் அதன் இடத்தை ஆற்றிலிருந்து கரைக்கு மாற்றுவதுதான் நோக்கம்.

பாதுகாப்பில் சலுகை கூடாது. உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த ஊசி, பாசி வழுக்கல், சுழல் எல்லாம் இந்த ஆற்றில் உண்டு. மாணவர்கள் கரையிலும் முழங்கால் ஆழத்திலும் மட்டும் வேலை செய்யட்டும். ஆழத்துக்குத் தீயணைப்புத் துறையினரும் பயிற்சி பெற்றவர்களும் போதும். கனமான காலணியும் கையுறையும் இல்லாத மாணவரைத் திட்ட அலுவலர் கரையிலிருந்து திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்து வருவது விநாயகர் சதுர்த்தி. 2023-இல் பாளையங்கோட்டையில் செய்யப்பட்ட பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் குறித்த வழக்கு, சதுர்த்திக்கு முந்தைய சில நாட்களில் தனி நீதிபதி, அமர்வு, உச்ச நீதிமன்றம் என்று ஓடியது. சிலை செய்தவர் கடன் வாங்கிப் போட்ட முதல் அதற்குள் சிலையாக நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் நல்லது நடக்காத நேரம் அது. விழாக் கமிட்டியும் மாணவர்களும் இப்போதே சிலை செய்பவர்களிடம் போய், களிமண் சிலைகளுக்கு முன்பணம் கொடுத்து எண்ணிக்கையை உறுதிசெய்தால் அந்த நிலை வராது.

மாநகராட்சி தன் பங்குக்கு, ஒவ்வொரு முக்கியப் படித்துறையிலும் மாதந்தோறும் ஆற்று நீரைச் சோதித்து முடிவைத் தமிழில் பலகையில் எழுதி வைக்கட்டும். குளிக்கலாமா, கூடாதா என்று படிக்கத் தெரிந்த எவருக்கும் புரிய வேண்டும். கல்லூரி வேதியியல் துறை அதே நாளில் தானும் சோதித்துப் பக்கத்திலேயே எழுதலாம்.

இதற்கெல்லாம் மாவட்ட ஆட்சியர் கூட்டம் கூட்டினால் நல்லது. அவர் கூட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கல்லூரியின் திட்ட அலுவலர், கோயில் செயல் அலுவலருக்கும் பங்குத்தந்தைக்கும் சேகர குருவுக்கும் ஜமாஅத் தலைவருக்கும் தனித்தனியே ஒரு பக்கக் கடிதம் எழுதி, அடுத்த சனிக்கிழமை படித்துறையில் சந்திக்க நேரம் கேட்கலாம். கடிதம் இந்த வாரம் போனால் ஆடி அமாவாசைக்குள் துணி உண்டியலும் வாழையிலையும் தராசும் தயாராகிவிடும்.